மூன்று மாப்பிள்ளை வீடு

டோரதி ஆன்ட்டியிடம் ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டால் அடுத்து மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடலாம் என்று பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணத் தரகு அவள் தொழில். கன்டோன்மென்ட் சர்ச் குடும்பங்களில் ஆரம்பித்து, வேலூர், தர்மபுரி பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் வரைக்கும் அவள் கை படாத கல்யாணம் அந்த வட்டாரத்தில் குறைவு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த ஆயிரத்தில் ஒன்றைக்கூட டோரதி வீணாக்கியதில்லை.

அப்படிப்பட்டவள் தெருச் சங்கத்தின் திட்டத்தில் போய் மாட்டிக்கொண்டாள். சங்கத்தார் கூடிக் கூடிப் பேசி ஓர் ஐந்தாண்டுத் திட்டம் எழுதியிருந்தார்கள். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் முதலில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்கு ஒரு பகல் காப்பகம். வழவழ அட்டை போட்டு அச்சடித்து, ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?

அதை வெளியிட்ட கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது சொர்ணம் எழுந்து நின்றாள். அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவள். புருஷன் சென்ட்ரிங் வேலை என்று ஓசூர்ப் பக்கம் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது.

"நான் வேலைக்குப் போறப்போ என் பொண்ணை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். மூணு வயசு அதுக்கு. போன வாரம் பக்கத்து ரூம்ல கேஸ் கசிஞ்சு எல்லாரும் வெளிய ஓடியிருக்காங்க. பூட்டு கதவுல, சாவி என் இடுப்புல. நான் அங்க பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டோரதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேடைக்குப் போய்த் திட்டப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இதை நான் முடிச்சுத் தரேன்" என்றாள்.

"ஆன்ட்டி, இது கல்யாணம் இல்ல" என்றான் ஒருவன்.

"சேராததைச் சேத்து வைக்கிறதுதானேடா ரெண்டும்? போடா, வேலையைப் பாரு."

சேர்க்க வேண்டியது மூன்று வீடுகளை. இடம் சர்ச்சிடம் இருந்தது. பின்புறம் ஒரு சின்ன ஹால், உடைந்த நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுமாகச் சும்மா கிடந்தது. சமையல் மாரியம்மன் கோயிலிடம் இருந்தது. ஆடி மாதம் ஊருக்கே கூழ் ஊற்றும் அண்டாக்கள் மற்ற மாதமெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆயாக்களும் அவர்கள் சம்பளமும் அடுக்குமாடிச் சங்கத்தால் முடியும். அந்தப் பெண்கள் வேலை செய்வதே அங்கேதான். இதில் அவசரம் என்னவென்றால், சர்ச் ஹாலை ஒரு பார்சல் கம்பெனி குடோனுக்குக் கேட்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது. ஹால் போனால் காப்பகமும் போச்சு.

டோரதி தன் வழக்கமான வேலையைக் காட்டினாள். முதலில் சர்ச் செயலாளர் ஓஸ்வால்ட்.

"கோயில்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒத்துக்கிட்டாங்களாவா? ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அவங்களே உங்களைத் தேடி வந்து கேக்கணுமாம்."

கோயில் தலைவர் ரவிக்குமாரிடம் போய், "சர்ச்காரங்க ஹாலைக் கூட்டிப் பெருக்கியே வச்சுட்டாங்க, உங்க வாய் வார்த்தைக்குத்தான் காத்திருக்காங்க, அவங்களே வந்து கேப்பாங்க" என்றாள். அடுக்குமாடிச் சங்கத் தலைவி ராஜலக்ஷ்மியிடம், "கோயிலும் சர்ச்சும் ஒண்ணாகி உங்களைப் பார்க்க வரப்போறாங்க மேடம்" என்றாள். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "ஆயித்து, ஆயித்து! ஆகட்டும், வரச் சொல்லுங்கோ" என்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்று மூவரிடமும் சொல்லியாயிற்று.

எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. அவள் பழக்கம் அப்படி. மாப்பிள்ளை வீடு பார்க்க எங்கே வரணும் என்று பெண் வீட்டார்தான் கேட்பார்கள். கேட்டவர்களை அழைத்துக்கொண்டு போவாள். இங்கே யாருமே கேட்கவில்லை, அது அவளுக்கு உறைக்கவுமில்லை. தெருமுனை பேக்கரி வாசலில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றவளுக்கு ஆறரைக்கு முதல் போன் வந்தது.

"என்ன டோரதி, பிளம் கேக்கை வெட்டி வச்சுட்டு நான் மட்டும் உக்காந்திருக்கேன்" என்றார் ஓஸ்வால்ட்.

அடுத்தது ரவிக்குமார். "சந்தனம், கல்கண்டு எல்லாம் வச்சுக்கிட்டு மொத்தக் கமிட்டியும் வாசலையே பார்த்துட்டிருக்கோம், என்னங்க இது?"

ராஜலக்ஷ்மி அழவே அழுதுவிட்டாள். "டிகாக்ஷன் போட்டு, போண்டா பண்ணி வச்சுண்டு காத்திண்டிருக்கேன். ஒரு ஈ காக்கா வரல."

அட கர்த்தரே! மூன்று பேருமே மாப்பிள்ளை வீடு. மூன்று பேருமே வாசல் தெளித்து, எதிராளி தட்டோடு வருவான் என்று காத்திருக்கிறார்கள். பெண் வீடே இல்லாமல் ஒரு சம்பந்தம் பேசியிருக்கிறாள் இந்த மகராசி!

அன்று ராத்திரிக்குள் மூவரும் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டார்கள். டோரதியின் பொய்கள் வரிசையாக வெளியே வந்தன. "இனிமே உங்க பேச்சை நம்பி ஒரு டீ கூடக் குடிக்க மாட்டோம்" என்றார் ரவிக்குமார். ஹாலைப் பார்சல் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம் என்றார் ஓஸ்வால்ட். தெருவில் போனவன் வந்தவனெல்லாம் சிரித்தான். டோரதிக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. சொர்ணத்திடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்பதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீடு மூன்று இருக்கிறதே, பெண் எங்கே? பெண்ணை யாருமே பார்க்கவில்லையே! மூன்று பேருக்கும் போன் போட்டாள்.

"நான் சொன்னது பொய்தான். திட்டணும்ல? போன்ல திட்டினா ருசிக்காது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நேர்ல வந்து திட்டுங்க" என்று இந்த முறை இடத்தையும் தெளிவாகச் சொன்னாள்.

கோபம் இருக்கிறதே, அது அழைப்பிதழைவிடப் பெரிது. சனிக்கிழமை மூன்று பேரும் வந்து நின்றார்கள். ஒரு ஆள் போனால் எதிராளி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அதன் கோடியில் ஒரு ஒற்றை அறை வீடு. கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. பக்கத்துப் படிக்கட்டில் டோரதி மூன்று தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டின வீட்டுக்கா வரச் சொன்னீங்க?" என்று ரவிக்குமார் ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இரண்டு கண்கள், கொஞ்சம் எண்ணெய் வைத்த தலை.

"அம்மா வேலைக்குப் போயிருக்கு. கதவு திறக்காது. சாயங்காலம் வாங்க" என்று அந்தக் குட்டி மனப்பாடமாக ஒப்பித்தது. பிறகு கம்பி வழியே கையை நீட்டி, "பிஸ்கட் இருக்கா?" என்று கேட்டது.

ரவிக்குமார் விறுவிறுவென்று பெட்டிக்கடைக்குப் போய் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, ஒவ்வொன்றாகக் கம்பிக்குள் நீட்டினார். ராஜலக்ஷ்மி கிட்டே போய், "உன் பேர் என்னம்மா?" என்றாள்.

"தாரணி."

"அம்மா எங்க வேலை பார்க்கறா?"

"அஞ்சாம் மாடி. ராஜி மேடம் வீட்டுல."

ராஜலக்ஷ்மியின் கை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. "என் ஆத்துலதான் இருக்கா இப்போ. தோசைக்கு அரைச்சுண்டிருக்கா. குழந்தை எங்கேன்னு ஒரு நாள்கூட நான் கேட்கலையே!" என்றாள். சத்தம் போட்டே அழுதாள்.

டோரதி எழுந்தாள். "எல்லாரும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. பொண்ணைப் பார்த்தாச்சா? பிடிச்சிருக்கா? இப்பச் சொல்லுங்க, தட்டு மாத்தலாமா?"

ஓஸ்வால்ட் தொண்டையைக் கனைத்தார். "தட்டு மாத்தலாம். ஆனா யார் முதல்ல குடுக்கறது?"

பார்த்தீர்களா, அப்போதும் அதுதான்! ரவிக்குமார் ஓஸ்வால்ட்டைப் பார்த்தார், ஓஸ்வால்ட் ராஜலக்ஷ்மியைப் பார்த்தார். தந்தால் பெண் வீடாகிவிடுவோமோ என்ற பயம். டோரதி மூன்று பேரையும் சந்துக்குள் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு தட்டைக் கையில் திணித்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்; ஓஸ்வால்ட்டின் தட்டில் மட்டும் கூடவே ஒரு பைபிள், அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் அதுதான் வழக்கம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் வலது பக்கம் இருக்கறவங்களுக்குக் குடுங்க. யாரும் முதல் இல்ல, யாரும் கடைசி இல்ல" என்றாள்.

மூன்று என்று கத்தியது ஜன்னலுக்குள்ளிருந்த தாரணி. தட்டுகள் ஒரே நேரத்தில் மாறின. கோயில் தலைவர் கையில் பைபிள் வந்து சேர்ந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாடிப்படிகளில் நின்று வேடிக்கை பார்த்த பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சந்தில் அதற்கு முன் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பார்சல் கம்பெனிப் பேச்சு வந்தது. ஓஸ்வால்ட் எழுந்து, "ஹால் நிச்சயம் ஆயிடுச்சு" என்றார்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று ஒருவர் இழுத்தார்.

"எழுத்து வரும், நாளைக்கே வரும். ஆனா நேத்து தட்டு மாத்தியாச்சு. தட்டு மாத்தினப்புறம் பேச்சு மாத்தற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது. உங்க குடும்பத்துல உண்டா?"

உண்டு என்று யார் சொல்வார்கள்? பார்சல் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டது. அன்று மதியமே கோயில் கமிட்டி ஹாலில் கிடந்த நட்சத்திரங்களையும் நாற்காலிகளையும் அள்ளி வெளியே போட்டது. அடுத்த வாரம் கோயில் அண்டாக்கள் சர்ச் வாசலில் வந்து இறங்கின. அடுக்குமாடிச் சங்கம் ஆயாக்களைக் கொண்டுவந்து நிறுத்தியது, பொம்மைகள் மூட்டை மூட்டையாக வந்தன. திட்டப் புத்தகத்தின் முதல் வரியை டோரதி சிவப்புப் பேனாவால் பெரிதாக டிக் அடித்து, தெருச் சங்கத்தார் கண்ணில் படும்படி பேக்கரிச் சுவரில் ஒட்டினாள். அவளுக்கு அவ்வளவு கர்வம்.

காப்பகம் திறந்த காலையில் சொர்ணம் தாரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை உள்ளே பொம்மைகளைப் பார்த்ததும் இறங்கி ஓடியது; அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொர்ணம் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பித்தளைப் பூட்டையும் சாவியையும் எடுத்து டோரதியின் கையில் வைத்தாள்.

"பழக்கத்துல பூட்டப் போனேன் ஆன்ட்டி. அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு. உள்ள வச்சுப் பூட்ட இப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள்.

டோரதி பூட்டைப் பார்த்தாள். கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, சமையல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ரவிக்குமாரு! அரிசி அலமாரிக்குப் பூட்டு கேட்டீங்களே. பொண்ணு வீட்டுச் சீர் வந்திருக்கு, வந்து வாங்கிக்குங்க."