மடக்காத கத்தி

ஊருக்கெல்லாம் பல் செட் செய்து, வாய்க்கு அடக்கமாக உட்கார வைக்கிற மனிதருக்குத் தன் வாயை அடக்கத் தெரியவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று ஓய்வு பெற்ற மனைவி, அக்காவோடும் பழைய நர்ஸ் தோழிகளோடும் நாலு நாள் மலையேறி, கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகச் சொன்னாள். பல்லுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே, "மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது. இதுல மலையா?" என்றார். நுணலும் தன் வாயால் கெடும்.

அன்றோடு பேச்சு நின்றது. சண்டை இல்லை, அழுகை இல்லை. சாப்பாடு வேளைக்கு மேசைக்கு வந்தது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், மனைவி வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் போடுவாள். மகள் அப்பாவுக்குப் போடுவாள்.

"அப்பா, கேஸை மூடிட்டீங்களான்னு அம்மா கேக்கறாங்க."

அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். "மூடிட்டேன்னு சொல்லிடும்மா," என்றார்.

ஒன்பதாம் நாள் மகளுக்கே அலுத்துவிட்டது. "அப்பா, சாரின்னு ஒரு வார்த்தை. அதுக்கு வாய் வலிக்குமா?"

வலித்தது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல்லை அவர் பழகியதே இல்லை. ஆனால் அவரை உறுத்தியது வேறொன்று. அடுத்த சனிக்கிழமை விடியலில் அவள் கிளம்பிவிடுவாள். பேசாமலே போனால், வந்தபிறகும் இந்த மௌனமே வீட்டு வழக்கமாகிவிடும். அப்புறம் மகள் காலம் பூராவும் கேஸைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஃபிரிட்ஜ் கதவில் மலைக்குக் கொண்டுபோகிற சாமான் பட்டியல் ஒட்டியிருந்தது. மழைக்கோட்டு, நெற்றி விளக்கு, கயிறு, எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தாள். ஒன்றுக்கு மட்டும் இல்லை: 'உறுதியான கத்தி. மடக்குகிறது வேண்டாம்.' பல்லுக்காரர் அதை மூன்று தரம் படித்தார். மன்னிப்பைத்தான் கேட்க முடியாது, கத்தியையாவது வாங்கலாமே.

கையாலேயே கத்தி அடிக்கிற அம்மாள் ஒருத்தி ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தாள். போனதும் கேட்டாள்: "கத்தி யாருக்கு சார்?"

"வீட்டுல. மலைக்குப் போறாங்க."

"அவங்க வரலையா?"

"அவங்களுக்குத் தெரியாது."

"பொண்டாட்டிக்குத் தெரியாம கத்தி. நல்லது," என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மேசைமேல் நாலு கத்திகளைப் பரப்பினாள். பல்லுக்காரர் பெரிதாக ஒன்றை எடுத்தார். அதை வைத்து மரம் வெட்டலாம், கயிறு அறுப்பது கஷ்டம் என்றாள். பளபளப்பாக ஒன்றை எடுத்தார். அது துருப்பிடிக்காது, ஆனால் மழுங்கினால் மலையில் தீட்டுவது பாடு என்றாள். கடைசியில் ஒன்றை அவளே நீட்டினாள். அலகின் நீளம் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட; முதுகு கனம்; அலகின் இரும்பு கைப்பிடிக்குள்ளும் நுனிவரை ஓடியிருந்தது. "இரும்பு பாதியில நின்னா, விறகு பொளக்கறப்ப பிடி ஒடிஞ்சிடும்."

"வேர் ஆழமா இருந்தாத்தான் பல்லு ஆடாது," என்றார் இவர். முதல் முறையாக அவரை மதித்துப் பார்த்தாள்.

"இதே மாதிரி அடிச்சுடலாம். ஆனா யார் பிடிக்கப் போறாங்களோ அவங்க கை அளவு வேணும். களிமண்ணைப் பிடிச்சுக் காட்டணும். அளவு இல்லாம நான் பிடி போடறதில்ல."

பேசாத பெண்டாட்டியைக் களிமண் பிடிக்கக் கூப்பிடுவது எப்படி? ஆனால் அச்சு எடுப்பது பல்லுக்காரரின் தொழில். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பல் அச்சு எடுக்கிற கலவையைப் பிசைந்து, ஒரு குச்சியில் சுற்றி, பூனை நடையாகப் போனார். வலது கையை மெல்ல விரித்துக் குச்சியை வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கலவை இறுக ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை அசையக் கூடாது. தன் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கித் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலடியில் பழைய ஊசித் தழும்பு ஒன்று இருந்தது. இவ்வளவு நாள் அதைப் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் ஆனபிறகும் இன்னும் கொஞ்சம் இருந்தார். கலவை நன்றாக இறுகட்டுமே என்றுதான்.

கத்திக்கார அம்மாள் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப லேசாப் பிடிச்சிருக்காங்களே?"

"நர்ஸு. மெல்லிசான கை," என்று கூசாமல் புளுகினார்.

வெள்ளிக்கிழமை மாலை கத்தி வந்தது. மனைவி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பல்லுக்காரர் அதைத் தோல் உறையோடு அவள் எதிரில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். அவள் உறையை உருவினாள். அலகைப் பார்த்தாள், கனத்தைப் பார்த்தாள். ஒரு கயிற்றுத் துண்டை மேசையில் வைத்து அழுத்தினாள். கத்தி கைக்குள் புரண்டு படுத்தது. இறுக்கிப் பிடித்து மறுபடி அழுத்தினாள். மறுபடி புரண்டது.

பதினான்கு நாளுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள். "இது யார் கைக்குச் செஞ்சது?"

"உன் கைக்குத்தான். நீ தூங்கறப்ப அச்சு எடுத்தேன்." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. தூங்குகிற கை எதையும் பிடிக்காது. தொழிலில் நேற்று வந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றார். "கத்தியில மட்டும் இல்ல. அன்னைக்கு அப்படிச் சொன்னதும் தப்புதான். நீ ஏறிடுவே. எனக்குத் தெரியும். நாலு நாள் வீட்ல தனியா இருக்கணுமேன்னுதான் வாய் அப்படிப் போயிடுச்சு."

அவள் கத்தியை உறையில் போட்டாள். சற்று நேரம் பையின் வாரையே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம் வார்டுல இருந்தவ. ஒருத்தர் வந்து கையைத் தொட்டா முழிச்சுக்க மாட்டேனா?"

பல்லுக்காரர் சுவரை விட்டு நகர்ந்து வந்தார். "அப்ப நீ தூங்கலையா?"

"இல்ல."

"பின்ன ஏன் சும்மா படுத்திருந்தே? ஒழுங்காப் பிடிச்சிருக்கலாம்ல?"

"அசைஞ்சா நீங்க கையை விட்டுடுவீங்களே," என்றாள்.