எடையில்லாத பிளாட்டினம்

அபிநவுக்கு அவசரமாக ஒரு விஞ்ஞானி தேவைப்பட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் மாரெட்பள்ளி காஞ்சனா அத்தைதான். செயற்கைக்கோள்களின் சின்ன எஞ்சின்களுக்கான உலோகங்களோடு முப்பது வருடம் அரசு ஆய்வுக்கூடத்தில் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர்.

"சும்மா விளக்கேத்தினா போதும் அத்தை. விண்கல்லுலேர்ந்து பிளாட்டினம் எடுக்கற என் கம்பெனிக்குத் தொடக்க விழா. நாளைக்கு ஸ்பேஸ்ஷிப்ல எஞ்சின், ஃப்யூயல் செல், எல்லாத்துக்கும் பிளாட்டினம்தான்."

"எப்படா எடுப்பீங்க?"

"அது ஃபேஸ் த்ரீ."

அண்ணன் பிள்ளையாயிற்றே என்று போனார்.

ஹப்சிகுடா ஓட்டல் ஹாலில் நீல விளக்கும் செயற்கைப் புகையுமாக இருந்தது. மேடையில் வெல்வெட் துணிமேல் செங்கல் அளவுக்கு ஒரு கட்டி மின்னியது. "அசல் பிளாட்டினம்" என்று அறிவித்த தொகுப்பாளினி நித்யஸ்ரீ, அதை ஒரே கையால் தூக்கி காஞ்சனாவிடம் நீட்டினாள். வாங்கியவருக்குச் சுருக்கென்றது. காலி டிபன் கேரியர் கனம்கூட இல்லை.

முன்வரிசையில் அண்ணன் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். காஞ்சனா ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இந்த அளவு பிளாட்டினம் நாப்பது கிலோ இருக்கணும். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்தான் ஆச்சு. நான் ஒத்தைக் கையால தூக்கறேன். இது பிளாட்டினம் இல்லை."

அபிநவ் மெல்ல மைக்கை வாங்கிக்கொண்டான்.

"கேட்டீங்களா? நாப்பது கிலோ உலோகத்தை ஒரு சீனியர் சிட்டிசன் ஒரே கையில தூக்கறாங்க. இதுதான் எங்க டெக்னாலஜி. லைட்வெயிட் பிளாட்டினம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்து வீட்டு கிருஷ்ணமூர்த்தி அவரை மடக்கினார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர்.

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது சார்" என்றார் காஞ்சனா.

"எதுக்கு மறைக்கிறீங்க மேடம்? நீங்க தூக்கினதை நானே பார்த்தேனே."

மறுநாள் கம்பெனியின் இணையதளத்தில், கட்டியை உயர்த்திப் பிடித்த அவர் படம். கீழே 'தலைமை அறிவியல் ஆலோசகர்' என்றிருந்தது. காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஜலஜா மாமிக்கு அந்த உலோகத்தில் வளையல் செய்ய முடியுமா என்று தெரிய வேண்டும். தங்கம் போட்டால் கை வலிக்கிறதாம்.

காஞ்சனா உட்கார்ந்து, வகிக்காத பதவிக்கு இரண்டு பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி அனுப்பினார். அபிநவிடமிருந்து உடனே பதில் வந்தது: ஒரு கட்டைவிரல் எமோஜி.