காப்பு கட்டிய கை

வாராவாரம் வீடு வீடாகப் போய்த் தொட்டி, குடம், பழைய டயர் எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து மருந்து ஊற்றுவது மலர்விழியின் வேலை. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். காய்ச்சல் உண்டா என்று அதில் ஒரு கட்டம். உண்டென்றால் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போகவேண்டும்.

மாரியம்மன் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு, மாயவன் வீட்டு அட்டையில் 'இல்லை' என்று எழுதினாள். மங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு வந்திருந்த மாயவன் அப்போது அவள் எதிரிலேயே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"காப்பு கட்டியிருக்கேன் மலரு, ரத்தம் சிந்தக் கூடாது. காச்சல்னு எழுதுனா ஆஸ்பத்திரி வண்டியக் கொண்டாந்துருவாங்க. பாப்பாவுக்கு வேண்டுனது, தீ மிதிச்சிட்டு நானே வரேன். அப்ப பத்து வெரலையும் குத்திக்க" என்று சிரித்தான். "அம்மா காதுல போட்டுறாத."

கொசுவைப் பற்றி அவளுக்கு நான்கு நாள் பாடம் எடுத்திருந்தார்கள். அம்மனைப் பற்றிய பயம் பிறந்ததிலிருந்தே இருந்தது.

தீ மிதித்த மறுநாள் அவனுக்கு நினைவு தப்பியது. ஐந்தாம் நாள் பிணமாகக் கொண்டுவந்தார்கள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவன் மனைவி வெண்மதி தீட்டோடு விரதச் சோறு ஆக்கினாள், அதனால்தான் தீ மிதித்த கையோடு காய்ச்சல் கண்டது என்றது தெரு.

இருபது நாள் ஆகிறது. இன்று தெருவில் காய்ச்சல் முகாம். வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சுகாதார ஆய்வாளர், மாயவனின் மகளுக்குக் காய்ச்சல் என்று மலர்விழியை அனுப்பினார்.

வெண்மதி மறுபேச்சில்லாமல் குழந்தையின் விரலை நீட்டினாள். குழந்தை வீறிட்டு அழுதது. ரத்தத்தைத் தடவி முடித்ததும் வெண்மதி மெதுவாகச் சொன்னாள்.

"நான் சோறே ஆக்கலக்கா. ஒதுங்கித்தான் இருந்தேன். அவருக்கு முன்னாடியே காச்சல்னு நான் சொன்னா, பழிய மறைக்கப் பொய் சொல்றேங்கறாங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

மலர்விழி கண்ணாடித் துண்டைப் பெட்டிக்குள் வைத்தாள். ஆமென்று சொன்னால் வேலை போய்விடும். ஆனால் தன்னைத் தடுப்பது வேலை மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். தெரு வெண்மதியை ஏசிய ஒவ்வொரு நாளும் தனக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக மூச்சுவிட்டதை அவள் கேட்டிருக்கிறாள். இழவு வீட்டில் வெண்மதியின் தோளைப் பிடித்து அழுதபோதுகூட அது மூச்சுவிட்டது.

வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு வாசற்படியில் மாயவனின் தாய் நஞ்சம்மாள் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"எம்மவன முழுங்குனது பத்தலையாம். பெத்த புள்ளையையும் முழுங்கப் பாக்குறா" என்றாள், உள்ளே கேட்கும்படி.

"பெரிம்மா." மலர்விழியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அண்ணனுக்குப் பண்டிகைக்கு முன்னாடியே காச்சல். மங்களூர்லருந்து வரப்பவே கொண்டாந்தது. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு, இல்லைன்னு எழுதிட்டேன்."

வேப்பமரத்தடியில் பேனா நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நஞ்சம்மாள் கேட்டாள். "அன்னைக்கே நீ குத்தியிருந்தா?"

யாருக்குத் தெரியும் பெரிம்மா என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நஞ்சம்மாளும் நம்பியிருப்பாள்.

"மாத்திரை இருக்குது. பொழச்சிருப்பாரு."

மருமகளை ஏசி ஏசிப் பழகிய வாய் திறந்தபடியே இருந்தது. வெண்மதி வெளியே வந்து குழந்தையை மாமியாரின் மடியில் இறக்கிவிட்டாள். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நாளில் முதல்முறையாக அவள் வாய்விட்டு அழுவது தெருவுக்கே கேட்டது.