ஹோங் வைத்த பிழைகள்

எங்கள் அலுவலகக் கணினிகளில் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் எதிரே இருக்கும் தீவுக்கும் நாள் முழுக்கப் படகுகள் ஓடும். தண்ணீர் கிடையாது, பயணிகளும் கிடையாது. படகுகள் மோதாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் மட்டும் நிஜம். அதற்குள் தெக் ஹோங் வேண்டுமென்றே பிழைகளை ஒளித்து வைப்பான். பிழை பிடிக்கும் கருவி செய்தவர்கள் அதை இங்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு மதிப்பு. இந்தச் சோதனைக்களத்தை வருடக்கணக்காகக் கட்டிக் காத்ததில், வந்த சரக்கையெல்லாம் உதட்டைப் பிதுக்கிப் பார்க்கும் மொத்த வியாபாரியின் முகம் ஹோங்குக்கு வந்துவிட்டது.

எங் சியாங் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த முகம் கறுத்தது. சியாங்கின் கருவி, ஹோங் ஒளித்ததையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்தது. தலைவி மேடம் ஊய் எல்லோர் முன்னாலும் அவன் முதுகைத் தட்டினார். புதிய பிரிவுக்குப் பொறுப்பாளர் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நாற்காலிக்கு ஹோங் மனதுக்குள் மெத்தையே தைத்து வைத்திருந்தான்.

“என்னடா ஹோங், என் கருவியப் பாத்ததும் உன் பிழையெல்லாம் தானா கையத் தூக்கிட்டு வருது?” என்றான் சியாங், கேன்டீனில்.

“தட்டுல மீ கோரெங் ஆறுது. வாய அதுக்குத் தொற.”

ஹோங்குக்குச் சோறு இறங்கவில்லை. சியாங்கின் கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தான். அது பழைய சோதனைகளைப் படித்துப் பழகிய கருவி. ஹோங்குக்கோ எப்போதும் ஒரே கைப்பழக்கம்: இரண்டு படகுகள் ஒரே நொடியில் துறைக்கு வரும் இடமாகப் பார்த்துத்தான் பிழை வைப்பான்.

“திருட்டுப் பய! பிழைய எங்க பிடிக்கிறான்? என்னையில்ல பிடிக்கிறான்!”

அடுத்த மேசை ரோஸ்னானியிடம் ஓடினான். “ரோஸ் அக்கா, எனக்காகக் கொஞ்சம் பிழை வெச்சுக் குடுங்க.”

“தனியா வேற வெக்கணுமா? நான் எழுதினாலே இருக்குமே!” என்று சிரித்தவள், தான் முன்பு நிஜமாகவே செய்து திட்டு வாங்கிய தவறுகளைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

மேடம் முன்னிலையில் கருவி ஓடியது. பாதிகூடப் பிடிபடவில்லை. திரையில் இரண்டு படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. ஹோங் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, அந்தக் கருவி தன் கைப்பழக்கத்தை மட்டுமே கற்றிருந்ததை விளக்கினான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ இத்தன வருசமா நாம நல்லதுன்னு சொல்லி அனுப்பின கருவியெல்லாம்?”

ஹோங் அவசரமாகத் திரையை அணைத்தான்.

“ஒன்ன மாதிரி தப்பு பண்றவனப் பிடிக்க மட்டும்தானே அதெல்லாம் லாயக்கு? ஊர்ல எல்லாரும் ஹோங்கா? ரோஸ்னானி, களத்த இனிமே நீ பாத்துக்க. புதுப் பிரிவும் உன் பொறுப்பு.”

சாயங்காலம் கேன்டீனில் ஹோங்கும் சியாங்கும் முதல்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் ரோஸ்னானி புது அறைக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

“அந்த அக்காவுக்கு அப்படி என்னடா தெரியும்?” என்றான் ஹோங்.

“தப்பு பண்ணத் தெரியும். விதவிதமா” என்று பல்லைக் கடித்தான் சியாங்.

ஹோங் அவனுக்கும் சேர்த்து பாலில்லாத கோப்பி ஓ ஒன்று சொன்னான்.