மண்புழு தங்காத பாத்தி

2016 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. என் கணவர் தவராஜா ஆற்றங்கரையில் தோண்டி எடுத்த மண்புழுக்களை ஒரு மார்ஜரின் பெட்டியில் கொண்டுவந்து தக்காளிப் பாத்தியில் விட்டார். நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், துன் ஏரிக்கு மேலே இருந்த சரிவில், வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துண்டில் எவ்வளவு கொத்தினாலும் புழுவே இருப்பதில்லை. பக்கத்தில் இருந்த பேத்தி ரிஷானி மண்ணை அள்ளி வாயில் போட்டாள். நான் தட்டிவிடப் போனேன்.

"விடப்பா, ரெண்டு வாய் தின்னட்டும். வயிறு உரம் பிடிக்கும்" என்றார்.

மறுநாள் விடியும்போது அவருக்கு நெஞ்சடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு கழிந்த பிறகு தோட்டத்துக்குப் போனேன். அந்தப் புழுக்கள் பாத்தியை விட்டு வெளியேறி, சரளைக்கல் பாதையில் காய்ந்து கிடந்தன.

அந்தக் கோடையில், துண்டுகளை வாடகைக்கு விடும் தோட்டச் சங்கத்தார் மண்ணைப் பரிசோதித்தார்கள். சங்கத் தலைவர் தொலைபேசியில் விளக்கினார். அந்தச் சரிவு முழுவதும் ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டமாம். பூஞ்சைக்குத் தலைமுறை தலைமுறையாக அடித்த செம்பு மருந்து மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே தங்கிவிட்டதாம். கழுவிய காய்கறியை நாங்கள் தின்னலாம். சின்னப்பிள்ளைகளின் வாயில் மண் படவே கூடாது.

ரிஷானியின் தாயான என் மகள் யதுஷாவிடம் சொன்னேன்.

"அப்பா தக்காளிக்கு அடிச்ச நீல மருந்து என்னம்மா?"

"துருசும் சுண்ணாம்பும். ஊரிலை உருளைக்கிழங்குக்கு அடிக்கிறது."

"அதுவும் செம்புதானே?"

"ஓம்."

பிள்ளையைக் கொண்டுபோய் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை, நான் வேலை செய்யும் ஹோட்டல் சலவை அறையில் விரிப்பு மடிக்கும்போதும் தொலைபேசியை ஏப்ரன் பைக்குள் பிடித்தபடி நின்றேன். ரிஷானி வழக்கத்தைவிடக் கூட நேரம் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். அவருக்காக அழ உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். யதுஷா அதைச் சொல்லி அழுதாள். பிறகு, மண்ணில் இருக்கும் செம்பில் அப்பா போட்டது எவ்வளவு என்று கேட்டாள். நான் அதை ஏற்கெனவே தலைவரிடம் கேட்டிருந்தேன். பழையதையும் புதியதையும் பிரித்துப் பார்க்க முடியாதாம்.

"அப்ப அப்பா ஒண்டும் செய்யேல்லை எண்டும் சொல்லேலாது" என்றாள்.

"சொல்லேலாது பிள்ளை."

துண்டைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது அங்கே புல் விதைத்து, கொத்தக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். செம்பு மேல்மண்ணில் அதே ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கிறது.