பூஜ்யம் வந்த வருடம்

காவல் அலுவலகத்தில் புள்ளிவிவரக் கணக்கு எழுதும் நான், பதினைந்து வருடப் பாலியல் வன்முறைப் புகார்களை வரைபடத்தில் ஒரே கோடாக வரைந்திருந்தேன். முதலில் பத்து, பன்னிரண்டு. நடுவில் ஒரு வருடம் பூஜ்யம். கடைசி மூன்று வருடத்தில் கிடுகிடுவென ஏறி, இந்த வருடம் அறுபத்தொன்று. கீழ்த்தளத்தில் பெண்கள் புகார் சொல்லத் தனி அறை திறந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இது புரிய என்ன பெரிய படிப்பு வேண்டும்? எங்கள் அதிகாரிக்கு மட்டும் புரியவில்லை.

“அந்த ரூமத் தொறந்ததுலேருந்து குத்தம் கூடிப்போச்சு. இன்னிக்கு நாலு மணியோட அத மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடறேன்.”

“குத்தம் கூடல சார். தைரியமா வந்து சொல்றவங்கதான் கூடியிருக்காங்க.”

“பூஜ்யத்துக்கு மேடையேறிப் பாராட்டு வாங்கினவதானே நீ? போம்மா.”

சுருக்கென்றது. வாங்கினேன்தான், பல்லைக் காட்டிக்கொண்டு.

அந்த வருடத்துத் தினப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அன்றே சமாதானமாகிற புகாருக்கு அப்போது எண் போட மாட்டார்கள். எண் இல்லாதது என் கணக்குக்கும் வராது. ஒரு பக்கத்தில் என் அக்காவின் பெயர். ‘மில் சூப்பர்வைசரை வரவழைத்துப் பேசி முடிக்கப்பட்டது.’ அப்போது எழுத்தராக இருந்த இதே அதிகாரியின் கையெழுத்து. ஓரத்தில் பழுப்புக் கறை.

போன் செய்தேன். அக்கா அரை மணியில் வந்துவிட்டாள்.

“படியில விழுந்து பல்லு போச்சுன்னு சொன்னியேக்கா!”

“என்னைக் கெடுத்தவனையே போன் போட்டு வரவெச்சாருடி. அவன் என் முடியப் புடிச்சு மேசையில மோதினான். திரும்பத் திரும்ப மோதினான். ரத்தம் படுதுன்னு உன் ஆபீசரு பதிவேட்டத்தான் நகத்தினாரு. என்னை இல்ல.”

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மாடியேறி, அதிகாரியின் அறைச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பூஜ்யப் பாராட்டுப் பத்திரத்தைச் சட்டத்தோடு பிடுங்கி அவர் மேசையில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. அவர் என் கையை முறுக்கி, இரும்பு பீரோவில் முகத்தை மோதினார். மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். இரண்டாவது முறை மோத இழுத்தார்.

“கைய எடுங்க!”

வாசலில் அக்கா நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். முன்பல் இல்லாத அந்த வாயை அவர் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கை தானாக விட்டது.

“அடிப்பேன்னு நெனச்சீங்களா? உங்களையெல்லாம் அடிச்சு என் கையக் கெடுத்துக்க மாட்டேன்,” என்று நாற்காலியை வைத்துவிட்டுக் கீழே போனாள்.

தனி அறையில் ஒரு மணி நேரம் சொன்னாள். சூப்பர்வைசர் பெயர், அதிகாரி பெயர், இரண்டும் ஏறின. புகாரில் பெயர் உள்ளவர் அந்த அறையை மூடக் கையெழுத்திட முடியாது. நாலு மணி அடித்தது. உத்தரவு கையெழுத்தில்லாமல் கிடந்தது.

மூக்கில் துணியை அழுத்தியபடி கோட்டைத் திருத்தினேன். நடந்தது அந்த வருடம், எண் இந்த வருடம். அறுபத்திரண்டு. கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது. என் அக்கா ஒருவழியாகக் கணக்கில் வந்துவிட்டாள்.