ஒன்றாம் நம்பர் ஜெர்சி

ஆர்னால்டின் ஜெர்சிக்கு விலை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சிங்கப்பூர் வெள்ளி. பக்கத்தில் தொங்கும் இங்கிலாந்துக் கழகத்தின் ஜெர்சி இருபத்தைந்துதான். தேக்காவில் இருக்கும் லாசரஸின் விளையாட்டுச் சாமான் கடைக்கு வாடகையைக் கட்டுவதும் அந்த இருபத்தைந்து வெள்ளி ஜெர்சிதான். கடையில் மாட்டிய சரக்கை விற்பனைக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் யாரும் வாங்காத விலையை ஒட்டியிருந்தார். முதுகில் மகன் ஆர்னால்டின் பெயரையும் ஒன்றாம் எண்ணையும் அச்சடித்தது அவரேதான்.

உள்ளூர் கால்பந்து லீக்கில் ஆர்னால்ட் மூன்று சீசன் கோல்கீப்பர். பிறகு புது ஸ்பான்சர் வந்தார். கூடவே அவருக்குப் பிடித்த வெளிநாட்டுக் கோல்கீப்பரும் வந்தார். கழகத்தார் ஆர்னால்டின் தோளைத் தட்டி, குழுப் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளைப் பிடிக்கிறான். ஞாயிறு பூசை முடிந்து புக்கிட் பாத்தோக் மைதானத்தில் அப்பா உதைக்கும் பந்தைப் பிடிப்பதை நிறுத்திவிட்டான்.

காலையில் ஷட்டர் பாதி ஏறும்போதே ஆர்னால்ட் குனிந்து உள்ளே வந்தான்.

“அந்த ஜெர்சி எவ்ளோ பா?”

“ஒட்டிருக்கேன்ல. கண்ணு தெரியலையா?”

“பதினஞ்சு வெள்ளி தரேன்.”

“போடா டேய். துணிக்கே பத்தாது.”

“அப்ப கிளம்புறேன். நான்தான் இன்னிக்கு ஃபர்ஸ்ட் கஸ்டமர் லா.”

லாசரஸின் கை ஷட்டரிலேயே நின்றது. பூசைக்குக்கூடத் தாமதமாகப் போயிருக்கிறார். முதல் போணியை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. கடையில் வளர்ந்த பையனுக்கு அது தெரியாதா?

“வாங்கி என்னடா பண்ணப் போற?”

“உள்ள வைக்கப் போறேன். கடைக்கு வர்றவன்லாம் அதப் பாத்துட்டு, எப்ப மறுபடி ஆடுவன்னு என்னக் கேக்குறான். முடியல பா.”

லாசரஸ் கோலால் ஜெர்சியை இறக்கினார். மடித்தார். பிரித்து, பெயர் வெளியே தெரியாதபடி மறுபடி மடித்தார். ஆர்னால்ட் இருபது வெள்ளித் தாளை நீட்டினான்.

“சில்லறை இல்லையே.”

டிராயரில் ஐந்து வெள்ளித் தாள்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. முழங்கையால் டிராயரை மெல்ல மூடினார். ஆர்னால்ட் பார்த்துவிட்டான்.

“வீட்ல குடுங்க.”

“கடைக் கணக்க நான் வீட்டுக்குக் கொண்டுவர்றதில்ல. ஞாயித்துக்கிழமை மைதானத்துல வாங்கிக்க.”

ஜெர்சிப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

“கிளவ்ஸ் எடுத்துட்டு வரணுமா?”

“வேணும்தான். பாக்கிய உதைச்சுத்தான் தருவேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான். காலியான ஆணியில் லாசரஸ் வேறெதையும் மாட்டவில்லை. வரவு இருபது, சரக்கு பதினைந்து, பாக்கி ஐந்து.